நோட்டின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் ‘கோர்ட்டுக் கடன்’ என்று ஒரு பேச்சு பல வருடமாக இருந்தது. எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அம்மா ஐந்து லட்சம் என்பார். சித்தப்பாவோ, வட்டிக்கு வட்டி போட்டால் பத்தைத் தாண்டும் என்பார். வாங்கிய அப்பா மட்டும் வாயே திறக்க மாட்டார். 2021இல் அவர் போய்ச் சேர்ந்தபோது, அவரோடு அதுவும் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டோம். 2024 தொடக்கத்தில் கிருஷ்ணகிரி கோர்ட்டிலிருந்து அம்மா, தம்பி, நான் என்று மூன்று பெயருக்கும் நோட்டீஸ் வந்தது. இறந்தவரின் வாரிசுகள் என்று அதில் எங்களைக் குறித்திருந்தார்கள்.

அப்பா மாந்தோப்புக் குத்தகைக்காரர். காவேரிப்பட்டினம் பக்கத்தில் இந்தத் தொழில் நடக்கும் முறை தெரிந்தால்தான் அந்தக் கடன் எப்படி வந்தது என்று புரியும். மார்கழி, தை மாதத்தில் பூ பிடித்ததும் தோப்பைச் சுற்றி வந்து, அந்த வருடம் எத்தனை டன் தேறும் என்று கண்ணாலேயே மதிப்புப் போட்டு விலை பேசிவிடுவார்கள். தோப்புக்காரருக்கு அட்வான்ஸ், மருந்தடிப்பு, காவல், பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாமே குத்தகைக்காரர் கையிலிருந்துதான் போக வேண்டும். பணம் திரும்பி வருவது வைகாசி, ஆனியில். நடுவில் சித்திரைக் காற்று ஒரு இரவு சுழற்றி அடித்தால் பிஞ்சு பாதி தரையில் கிடக்கும். காய் தப்பினாலும் விலை நம் கையில் இல்லை. இங்கே அதிகம் விளையும் பெங்களூரா ரகத்தின் விலை, மாங்கூழ் கம்பெனிகள் அந்த வருடம் எவ்வளவு எடுக்கின்றன என்பதைப் பொறுத்தே ஏறும், இறங்கும். பூவை நம்பி எந்த வங்கியும் பணம் தராது. தெரிந்தவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

2009 மாசியில் அப்பா ஒரு லட்சத்துக்கு நோட்டு எழுதிக் கொடுத்தார். நோட்டில் இருந்தது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. வாய்ப்பேச்சு இரண்டு ரூபாய். அந்த வருடம் காய்ப்பும் சரியில்லை, விலையும் சரியில்லை. மறு வருடம் மீட்டுவிடலாம் என்று வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச காலத்தில் அதுவும் முடியாமல் போனது.

கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குள் கடன்காரர் கையெழுத்துப் போட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, கட்டிய தொகையைத் தன் கையால் எழுதிக் கொடுத்தாலோ அந்த மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். இல்லையென்றால் வழக்குப் போட முடியாது. கடன் கொடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்பா மேல் 2012 ஜனவரியில், கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, வழக்குத் தாக்கலானது. சம்மன் வந்தது. ஊரில் நாலு பேர் சொன்ன யோசனையைக் கேட்டு அப்பா அதை வாங்கவில்லை. கையில் வாங்கினால்தானே வழக்கு என்று நம்பினார்கள். வேண்டுமென்றே வாங்க மறுத்தால் சம்மன் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் செல்லும் என்று அந்த நாலு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. அந்த வருடம் செப்டம்பரில் எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆனது. எதிர்த் தரப்பு வராததால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு.

அதன் பிறகு அப்பா பட்ட பயத்தைப் பார்த்தவள் நான். தெருவில் பேன்ட் சட்டை போட்ட புது ஆள் யாராவது வந்தால் பின்கட்டு வழியாக வெளியே போய்விடுவார். மாதக்கணக்கில் ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளிப் பக்கம் இருந்த அத்தை வீட்டில் தங்கியிருக்கிறார். எல்லையைத் தாண்டிக் கர்நாடகாவுக்குப் போய்விட்டால் தமிழ்நாட்டுக் கோர்ட்டு ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. ஆனால் டிகிரியை வேறு மாநிலத்துக் கோர்ட்டுக்கும் மாற்றி அனுப்பி அங்கேயே நிறைவேற்றலாம். ஜூஜுவாடியைத் தாண்டியதும் கடன் நின்றுவிடாது.

ஜெயிலுக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதுதான் அவருடைய பெரிய பயம். அவர் உயிரோடு இருக்கும்போதே இதை யாராவது விளக்கிச் சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. கடன் டிகிரிக்காகப் போலீஸ் வராது. கைது கேட்டு மனுப் போட்டாலும், முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கடனாளியை விசாரிக்க வேண்டும். கட்ட வசதி இருந்தும் கட்டாமல் ஏமாற்றுகிறார் என்று கோர்ட்டு கண்டால்தான் சிவில் சிறை. அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. பெண்களைப் பண டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. சூரியன் மறைந்த பிறகு வீட்டுக்குள் நுழைந்து கைது செய்யவும் அமீனாவுக்கு அதிகாரம் இல்லை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவருக்கும் பாங்க் ஆஃப் கொச்சினுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டார். கையில் இல்லாததால் கட்ட முடியாதவரை, கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் போடுவது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். காய் கொட்டிப்போய்க் கடனாளியான அப்பாவைப் போன்றவர்களைக் காப்பதற்காகவே அமைந்த தீர்ப்பு அது. அவர் சாகும்வரை அவருக்கு அது தெரியாது.

நோட்டீஸ் வந்த அன்று உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். “வாங்காதே, வீடு பூட்டியிருக்குன்னு எழுதிட்டுப் போகட்டும்” என்றார் பெரியப்பா. “டிகிரிக்குப் பன்னெண்டு வருசம்தான் ஆயுசு. இன்னும் எட்டு மாசம் தள்ளிட்டா தானாச் செத்துப்போகும்” என்றார் விவரம் தெரிந்த இன்னொருவர். பன்னிரண்டு வருடக் கணக்கு சரிதான். எனக்கும் ஆசை வரத்தான் செய்தது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்து வாங்கும் சம்பளத்தில், எப்போதோ வாங்கிய கடனுக்கு நான் ஏன் அழ வேண்டும் என்று தோன்றியது. எட்டு மாதம் கண்ணில் படாமல் இருந்தால் போதுமே என்று ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்குள் நிறைவேற்று மனுவைத் தாக்கல் செய்தாலே போதும், அது முடிவது எப்போதாக இருந்தாலும் சரி என்பதை அந்த விவரம் தெரிந்தவர் விட்டுவிட்டார். மனு ஏற்கனவே தாக்கலாகிவிட்டது. அதற்காகத்தான் நோட்டீஸே வந்திருக்கிறது. டிகிரி ஆகி இரண்டு வருடம் தாண்டினாலோ, வாரிசுகள் மேல் நடவடிக்கை என்றாலோ, முதலில் இப்படி நோட்டீஸ் கொடுத்துக் கேட்டாக வேண்டும். நமக்கும் பேச ஒரு வாய்ப்பு என்று அதைப் பார்ப்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

அடுத்த விடுமுறையில் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி, கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987ஆம் வருடச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. எனக்குக் கொடுத்த வக்கீலம்மா கதையைக் கேட்கவே இல்லை. “முதல்ல கட்டைப் பார்ப்போம்மா” என்று காப்பி அப்ளிகேஷன் எழுதச் சொன்னார்.

அத்தனை வருடம் எங்கள் வீட்டில் யாருமே செய்யாத காரியம் அது. வழக்குக் கட்டில் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை.

நகல் வந்தது. பிராதுவில் கேட்டிருந்தது அசல் ஒரு லட்சமும், நோட்டுப்படி வட்டி முப்பத்தைந்தாயிரமும். டிகிரிக்குப் பிறகு அசலுக்கு மட்டும் வருடம் 6 சதவீதம். வணிகக் கடன் என்றால் கோர்ட்டு அதற்கு மேலும் தரலாம். அப்பா வழக்கில் 6 தான் கொடுத்திருந்தது. வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய். வட்டிக்கு வட்டி என்ற பேச்சே அதில் இல்லை. செலவுத் தொகையையும் சேர்த்து மனுவில் கேட்டது இரண்டு லட்சத்து இருபத்தாறாயிரத்துச் சொச்சம். எங்களுக்கு அது பெரிய பணம்தான். ஆனாலும் பத்து லட்சம் என்று சொல்லிச் சொல்லியே அப்பாவின் முதுகை வளைத்த அந்தக் கடன், அவர் பயந்து ஒளிந்த வருடங்களில் அதில் பாதிகூட இருந்ததில்லை.

கட்டில் நோட்டின் நகலும் இருந்தது. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தைக் கீழே இழுத்து ஒரு சுழி போடுவார். என் பள்ளிக்கூட ரேங்க் கார்டில் எல்லாம் அதே சுழிதான். பார்த்ததும் அந்தக் கடன் உண்மைதான் என்பது எனக்கு உறைத்தது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. அன்றோடு அதை விட்டேன்.

வக்கீலம்மா தாளைத் திருப்பி நோட்டின் பின்பக்க நகலைக் காட்டினார். வெறுமையாக இருந்தது. வட்டியோ அசலோ கட்டும்போது நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு, தொகை எழுதி, கையெழுத்துப் போட்டு வரவு வைக்க வேண்டும். கட்டியவருக்கு அதுதான் சாட்சி. அப்பா வழக்குக்கு முன்னால் ஒரு வருடத்துக்கும் மேல் மாதம் இரண்டாயிரம் வட்டி கொடுத்திருந்தார். ஒரு வரி வரவு இல்லை. கோர்ட்டுக்குப் போயிருந்தால் சாட்சி வைத்து அதைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர்தான் போகவே இல்லையே.

டிகிரிக்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. “கேசை நான் முடிச்சிக்கிறேன், நீ முடிஞ்சப்ப குடு” என்று கடன் கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். அப்பா மண்டியில் கூலிக்கு நின்று, மூவாயிரம் நாலாயிரமாகப் பல வருடம் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். தேதி, தொகை, ‘மண்டியில் குடுத்தது’. கூட்டிப் பார்த்தால் எழுபதாயிரத்துக்குப் பக்கம். அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் வக்கீலம்மா மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் படித்தார். பிறகு, “இதுல ஒரு ரூபாயைக்கூடக் கோர்ட்டு கணக்குல எடுக்காதும்மா” என்றார்.

சிவில் நடைமுறைச் சட்டம் 21ஆம் கட்டளையின் 2ஆம் விதி இதைச் சொல்கிறது. டிகிரி ஆன பிறகு கோர்ட்டுக்கு வெளியே பணம் கைமாறினால், வாங்கியவர் அதைக் கோர்ட்டில் தெரிவித்துப் பதிய வேண்டும். அவர் பதியாவிட்டால் கட்டியவர் முப்பது நாளுக்குள் மனுப் போட்டுப் பதியச் சொல்லலாம். அதற்கு வங்கி வழியாகக் கொடுத்த ஆதாரமோ, எழுத்துச் சான்றோ, வாங்கியவரின் ஒப்புதலோ வேண்டும். பதியாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட்டு ஏறெடுத்தும் பார்க்காது. எழுபதாயிரம் கொடுத்தும் டிகிரி முழுசாக அப்படியே நின்றது. இப்படிப்பட்ட வழக்குகளைத் தினமும் பார்ப்பதாக வக்கீலம்மா சொன்னார். படிக்காதவர்கள் மட்டும் இதில் மாட்டுவதில்லை. வாத்தியார்களும் மாட்டுகிறார்கள்.

வாரிசுகள் எவ்வளவுக்குப் பொறுப்பு என்பதும் அன்றுதான் தெளிந்தது. இறந்தவரிடமிருந்து எங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். என் சம்பளத்தைத் தொட முடியாது. அப்பன் கடனை மகன் தீர்த்தே ஆக வேண்டும் என்ற பழைய தர்மக் கடமையையும் 2005ஆம் வருட இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு எடுத்துவிட்டது. எங்களுக்கு அப்பா விட்டுப்போனது ஊர் ஓரத்தில் ஒரு துண்டு மேட்டு நிலம். அதை ஜப்தி செய்து ஏலம் விடத்தான் மனு.

இந்த மண்ணில் விவசாயிக் கடனைப் பற்றிப் பேசும்போது ராஜாஜியை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர் அவர். சேலத்தில் வக்கீலாக இருந்தவர். சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தபோது 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதையும் அது தள்ளுபடி செய்தது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால், அசலே தீர்ந்ததாகக் கணக்கு. கட்டியதையெல்லாம் கூட்டிப் பார்த்து நியாயம் சொன்ன சட்டம் அது. இன்றைக்கு மீட்டர் வட்டி, கந்து வட்டிக்கு எதிராக 2003ஆம் வருடத் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி எழுதிய சாதாரண நோட்டில், கட்டியதற்குச் சான்று இல்லாத அப்பாவைப் போன்ற ஆளுக்கு அது துணைக்கு வராது.

சட்டப்படி எங்களுக்கு வழி குறைவு என்று தெரிந்ததும், மனுவை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கலாம் என்றார் வக்கீலம்மா. கடன் கொடுத்தவரும் அதற்குள் இறந்திருந்தார். மனுப் போட்டிருந்தது அவர் மகன். என் வயதுதான் இருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அம்மாவும் நானும், நடுவில் நீதிபதி. நான் பால் கணக்கு நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். இதைச் சான்று என்று காட்டவில்லை, பார்க்க மட்டும் பாருங்கள் என்று சொன்னேன்.

ரொம்ப நேரம் புரட்டினார்.

“எங்கப்பா எதையும் எழுதி வெக்கல மா. வாங்கினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா இவரு இத்தினி வருசம் உக்காந்து பொய் எழுதியிருக்க மாட்டாரு” என்றார்.

அம்மா அழுதுவிட்டார். “வாங்கினது வாங்கினதுதான்பா, அசலைக் குடுத்துடறோம்” என்றார். அசல் ஒரு லட்சம், கோர்ட்டுச் செலவுக்குப் பதினைந்தாயிரம், இரண்டு தவணை என்று முடிவானது. சட்டத்தின் கண்ணில் படாத அந்தப் பென்சில் எழுத்து அவர் கண்ணில் பட்டது. அந்த மனிதரை நான் மதிக்கிறேன். வட்டியைக் கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது. எங்களை ஏலம்வரை இழுத்திருக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் ஆகும் முடிவுக்குக் கோர்ட்டு டிகிரிக்குரிய பலம் உண்டு, அதன் மேல் அப்பீல் கிடையாது. அவருக்கும் எங்களுக்கும் அன்றோடு சண்டை முடிந்தது.

கம்பெனி சொசைட்டியில் லோன் போட்டு முதல் தவணையைக் கட்டினேன். இரண்டாவதைத் தம்பி கட்டினான். இரண்டையும் கோர்ட்டில்தான் செலுத்தினோம். “நேர்ல குடுத்துடுங்களேன், எதுக்கு அலையணும்” என்று அவரே சொன்னார். மரியாதையாக மறுத்துவிட்டேன். கடன் முழுதும் தீர்ந்தது என்று பதிந்து மனுவை முடித்த உத்தரவின் நகலுக்கும் அன்றே விண்ணப்பம் போட்டோம்.

என் சம்பளத்தைத் தொட முடியாது என்று தெரிந்த பிறகும் ஏன் கட்டினாய், நிலம்தானே போகும், போகட்டுமே என்று கேட்டவர்கள் உண்டு. அப்பா எழுதிய அந்தப் பென்சில் வரிகளைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. கட்டி முடிக்கத்தான் அவர் பாடுபட்டார். கட்டும் முறையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உங்கள் வீட்டிலும் ‘கோர்ட்டுக் கடன்’ என்ற பேச்சு இருந்தால், தொகையை ஊராரிடம் கேட்காதீர்கள். பெயரையும் வருடத்தையும் சொன்னால் ஈ-கோர்ட்ஸ் தளத்திலேயே வழக்கு எண் கிடைக்க வாய்ப்புண்டு. எண் கிடைத்ததும் நகலுக்கு மனுப் போடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் அது. சம்மன் வந்தால் வாங்குங்கள், வாய்தாவுக்குப் போங்கள்.

கடன் கொடுத்தவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். டிகிரிக்குப் பிறகு கையில் பணம் வாங்கினால் அதைக் கோர்ட்டில் பதிய வேண்டிய கடமை முதலில் உங்களுடையது என்றுதான் சட்டம் சொல்கிறது. டிகிரி ஆகாத நோட்டு என்றால், வாங்கிய அன்றே அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கொடுங்கள்.